நிலமொழி செருப்புப் போட்ட வாரம்

ஜெஸிந்தா படக்கதை வரும் ஒளித்தாளை மேசைமேல் அறைந்த வேகத்தில் சால்னாக் கிண்ணம் கவிழ்ந்து சிற்றரசு சாரின் வெள்ளைச் சட்டை நாசமானது. அவர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். அவள் மணிக்கட்டில் நாடிவளை எரிந்துகொண்டிருந்த சிவப்பைப் பார்த்தால் யாருக்கும் திட்ட வாய் வராது.

"செருப்பு மாட்டி விட்டுட்டானுங்க," என்றாள் கையால். விரல் போன வேகத்தில் பாதிச் சொல் சிதறியது. "நிலமொழிக்குச் செருப்பு. காது கேக்க வெச்சு, வாயால பேச வெச்சு, செருப்பையும் மாட்டி விட்டுட்டானுங்க."

திருச்சி பாலக்கரையில் ஹபீப் பாயின் பரோட்டாக் கடை மாடியில் வியாழன் சாயங்காலம்தோறும் கூடும் 'நிலமொழி' வாசகர் வட்டம் அது. வட்டம் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் ஆள் நாலே பேர்தான். கடைக்காரர் ஹபீப் பாய், கணக்கு வாத்தியார் சிற்றரசு, மத்தியப் பேருந்து நிலையத்தில் வண்டி வரவை அறிவிக்கும் குரலுக்குச் சொந்தக்காரி கோமளா, கொதிகலன் ஆலையில் பற்றவைப்புகளைச் சோதித்துப் பார்க்கும் ஜெஸிந்தா. ஜெஸிந்தாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. நிலமொழிக்கும் அப்படித்தான்.

நிலமொழி, வாராவாரம் வரும் படக்கதையின் நாயகி. வெறுங்காலோடு நிற்பாள். மூன்று தெருவுக்கு அப்பால் ஒருவன் பதுங்கி நடந்தாலும், தரைக்கடியில் எவனாவது சுரங்கம் வெட்டினாலும் அவள் உள்ளங்கால் சொல்லிவிடும். அவள் பேசுவதற்குப் பேச்சுக்குமிழ் கிடையாது. கையைத்தான் வரைவார்கள்; வாசகன் விரலைப் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டியது. அப்படிப் படித்தே ஊரில் பல பேருக்குச் சைகை மொழி வந்துவிட்டது. இந்த மாடியில் இருந்த மற்ற மூவருக்கும் அப்படி வந்ததுதான். ஜெஸிந்தாவுக்கு அந்தக் கதை வேறு மாதிரி. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து டீச்சரின் உதட்டை வெறித்துக்கொண்டிருந்த வயதில் முதல் இதழ் அவள் கைக்கு வந்தது. எல்லாரும் தன் மொழியைக் கற்றுக்கொண்டு தன்னிடம் வருவதற்கு ஒரே காரணம் அந்த வெறுங்கால் பெண்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் அதை வரைய ஆட்கள் இருந்தார்கள். இப்போது கதைவார்ப்பி என்ற இயந்திரம் எழுதி, வரைந்து அனுப்புகிறது. ஒளித்தாளைத் திறக்க நாடிவளை மாட்டியே ஆக வேண்டும். எந்தப் படத்தில் உங்கள் நாடி துள்ளியது, எந்தப் படத்தில் படுத்தது என்று வளை கதைவார்ப்பிக்குச் சொல்லிவிடும். மனம் குளிர்ந்தால் வளை பச்சை. கோபம் வந்தால் சிவப்பு.

இந்த வட்டத்துக்கு ஒரு விதி உண்டு. கதை சொல்லக் கூடாது, திட்ட மட்டும் செய்யலாம். ஒரு முறை கடையில் கூட்டம் குறைந்து ஹபீப் பாய் தாளைத் திறப்பதற்குள், கதையில் யார் செத்தார் என்பதைச் சிற்றரசு உளறிவிட்டார். பாய் ஒரு மாதம் அவர் முகத்தில் விழிக்கவில்லை. அன்றிலிருந்து இந்த விதி. "நாசமாக்கிட்டானுங்க," "இதுக்குப் பேசாம இழுத்து மூடிட்டுப் போகலாம்," என்று ஆளாளுக்குத் திட்டுவார்கள். எல்லாரும் ஒன்றையே திட்டுகிறோம் என்ற நம்பிக்கையில் தலையாட்டிக்கொள்வார்கள். யார் வளை ஆகச் சிவந்திருக்கிறதோ அவருக்குத்தான் முதல் பரோட்டா. "கோபம் இருக்கற எடத்துலதான் குணம் இருக்கும்," என்று சிற்றரசு அதற்கு நியாயமும் வைத்திருந்தார். குணத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை, கோபத்தை மட்டும் போட்டி வைத்து வளர்த்தார்கள்.

இன்று ஜெஸிந்தா விதியை உடைத்துவிட்டாள். மற்றவர்கள் விழித்தார்கள்.

"செருப்பா? எந்தப் பக்கத்துலம்மா?" சிற்றரசு வாயாலும் கையாலும் சேர்த்துக் கேட்டார். "வண்டு துரோகி ஆனதையில்ல இன்னைக்குத் திட்டணும்? முதல் இதழ்லேர்ந்து அவளுக்கு வண்டி ஓட்டுறவன். அவளையே காட்டிக் குடுத்துட்டானே."

"வண்டு எங்க சார் வந்தான்?" என்றார் ஹபீப் பாய். "அந்த உப்பள முதலாளி, ஊரையே மூழ்கடிக்கப் பாத்தவன், அவனுக்கு மாலை போட்டு மந்திரி ஆக்கிட்டாங்க. எனக்கு அதுலதான் வயிறு எரியுது."

ஒளித்தாள் சொந்தக்காரர் கையில் இருக்கும்வரைதான் படம் காட்டும். அடுத்தவர் வாங்கினால் வெளுத்துவிடும். அதனால் ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கும் பழக்கமே இல்லாமல் போயிருந்தது. ஜெஸிந்தா தன் தாளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். மூவரும் எட்டிப் பார்த்தார்கள். கடற்கரையில் நிலமொழி நிற்கிறாள். காலில் பளபளவென்று செருப்பு. இரண்டு கைகளும் சட்டைப் பையில். வாயருகே ஒரு பேச்சுக்குமிழ்: 'அலை இவ்வளவு அழகாகப் பேசுமா?'

"எனக்கு இது வரல," என்றார் சிற்றரசு மெதுவாக. தன் தாளைக் காட்டினார். பாயும் காட்டினார். மூன்று தாளில் மூன்று கதை. கோமளா தன் தாளைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

சிற்றரசு அங்கிருந்தே பதிப்பகத்துக்குப் பேசினார். எதிர்முனையில் சொன்னதையெல்லாம் ஒரு கையால் ஜெஸிந்தாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். பேசியவன் குரலில் கூச்சம் பேருக்குக்கூட இல்லை.

"ஆமா சார், கொஞ்ச நாளா ஆள்வாரிப் பதிப்புதான் போகுது. எல்லாருக்கும் ஒரே கதைங்கறது பழைய முறை."

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"உங்க நாடியக் கேட்டுத்தான் சார். சந்தோஷமான பக்கத்த ஒரு தடவை பாத்துட்டுத் திருப்பிடறீங்க. எரிச்சலான பக்கத்தத் தூங்கப் போற வரைக்கும் விட மாட்டேங்கறீங்க. அதனால யாருக்கு எது அதிகமா எரியுமோ அதைக் கண்டுபிடிச்சு வார்ப்பி போட்டுக் குடுக்குது. வேணாம்னா மகிழ்பதிப்புன்னு ஒண்ணு இருக்கு சார். குழுவா சேந்துக்கலாம், நாலு பேருக்கும் ஒரே கதை. எரிச்சலே இருக்காது."

குழந்தையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. ஒவ்வொருவன் புண்ணும் எங்கே இருக்கிறது என்று வாரக்கணக்கில் தடவித் தடவிப் பார்த்து, அங்கேயே குத்திவிட்டு, மருந்தும் எங்களிடமே இருக்கிறது என்கிறான். சிற்றரசு அவனைத் திட்டிய வார்த்தைகளில் சில ஒரு வாத்தியாருக்குத் தெரிந்திருக்கக் கூடாதவை. பதிப்பகத்துக்காரன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நன்றி சொல்லி வைத்தான்.

ஜெஸிந்தா கடைசியில் சிற்றரசின் கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அவள் பார்வை கோமளாவின் மணிக்கட்டில் இருந்தது. அந்த வளை ஜெஸிந்தாவுடையதைவிடச் சிவந்திருந்தது.

"உன்னோடதக் காட்டு."

"வேணாம் ஜெஸி. அதுல ஒண்ணுமில்ல."

"காட்டுடி."

கோமளா தாளை விரித்தாள். மருத்துவமனை அறை. வெள்ளை அங்கி போட்டவர் உள்ளங்கையில் ஒரு சிறு கருவியை நீட்டுகிறார். இதைப் பொருத்தினால் காது கேட்கும் என்கிறார். அடுத்த பக்கம் முழுக்க நிலமொழியின் கைகள்: 'வேண்டாம். நான் இப்படியே இருக்கிறேன்.'

ஜெஸிந்தாவுக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. தன் தாளில் காணாமல் போனவள் இங்கே பத்திரமாக இருக்கிறாளே. அப்புறம்தான் உறைத்தது. யாருக்கு எது அதிகமாக எரியுமோ அதைத்தானே வார்ப்பி போடுகிறது?

"இதுக்கா உனக்குக் கோபம் வந்துச்சு?"

கோமளா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிற்றரசிடம் வாயால் ஏதோ சொன்னாள். ஜெஸிந்தா மேசையைத் தட்டினாள். "என்னைப் பாத்துச் சொல்லு. கையால சொல்லு."

"ஆமா, கோபம்தான்," என்றது கோமளாவின் கை. "வீடு தேடி வர்றத வேணாங்கறாளே, என்ன திமிருன்னு தோணுச்சு. ஊரே என் குரலைக் கேக்குது ஜெஸி. கரூர் வண்டி எங்க நிக்கும்னு முன்னப்பின்ன தெரியாதவனெல்லாம் கேக்குறான். நீ ஒருத்திதான் கேட்டதில்ல. கேட்டா நல்லாருக்குமேன்னு நெனச்சது பாவமா? உனக்காகத்தாண்டி நெனச்சேன்."

"எனக்காகவா? எங்கிட்டப் பேசிப் பேசி உன் கை வலிக்காம இருக்கவா?"

கோமளா தாளைச் சுருட்டத் தொடங்கினாள்.

"இத்தனை வருஷமா அவளைப் பாத்துப் பாவப்பட்டுக்கிட்டேதான் படிச்சியா?" ஜெஸிந்தா விடவில்லை. "அப்ப என்னைப் பாத்து என்ன பட்ட? நான் எதையோ தொலைச்சவள்னு நெனச்சுக்கிட்டேதான் எங்கூட உக்காந்து சாப்பிட்டியா?"

இயந்திரம் செய்தது அயோக்கியத்தனம்தான். ஆனால் அது எங்கேயோ இருக்கிற எவனோ செய்தது. இது பக்கத்து நாற்காலியில் இருந்தவள் செய்தது. ஜெஸிந்தாவுக்கு வந்த கோபத்துக்கு அந்த வளையில் நிறம் போதவில்லை.

ஹபீப் பாய் நடுவில் வந்தார். "தங்கச்சி, மெஷினு மூட்டி விட்ட சண்டைக்கு நாம ஏன் அடிச்சிக்கணும்? அவன் சொன்ன மகிழ்பதிப்புலயே சேந்துடுவோம். நாலு பேருக்கும் ஒரே கதை. பழைய மாதிரி."

"நாலு பேரும் சேந்து எழுதிக் குடுப்போம்," என்றார் சிற்றரசு. "வெறுங்கால். காது கேட்காது. குமிழ் கிடையாது. பழைய நிலமொழிதான் வேணும்னு."

கோமளாவும் கையைத் தூக்கினாள். "பழைய நிலமொழி. சத்தியமா."

ஜெஸிந்தா ஒத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது நிலமொழி ஒருத்திதான். அவள் திரும்பி வந்துவிட்டால் கோமளாவையும் மெல்ல மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

கோரிக்கையை அனுப்பினார்கள். கிடைத்தது என்று பதிலும் வந்தது. கூடவே, குழுவின் ரசனையை அறிய என்று சில மாதிரிப் படங்கள் வந்தன. நாலு பேரும் வளையை மாட்டிக்கொண்டு அவரவர் வீட்டில் அவற்றைப் புரட்டினார்கள். வண்டு வண்டி ஓட்டும் படம், உப்பள முதலாளி ஓடும் படம், நிலமொழி விதவிதமாக நிற்கும் படங்கள். கதைவார்ப்பி கோரிக்கைகளைப் படிப்பதில்லை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எழுதுகிறவன் ஆயிரம் எழுதுவான் என்பது அதற்குத் தெரியும். அது நாடியை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கியது.

அடுத்த வியாழன் மாடியில் நாலு தாளும் ஒன்றாகத் திறந்தன. வண்டு துரோகியே இல்லை. எதிரியை ஏமாற்ற நாடகம் ஆடியிருந்தான். சிற்றரசு தொடையைத் தட்டிக்கொண்டார். உப்பள முதலாளி மந்திரிப் பதவி போய்க் கம்பி எண்ணினான். ஹபீப் பாய் சிரித்த சிரிப்பில் கீழே மாவு பிசைகிறவர் மாடிப்படியில் ஏறி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எல்லாரும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்ப்பது எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. ஜெஸிந்தாவும் சிரித்தாள். கோமளாவின் தோளில் ஒரு முறை இடித்தாள்.

அவள் நிதானமாகப் படிக்கிறவள். மற்றவர்களைவிட ஒரு பக்கம் பின்தங்கியிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது மூவரும் கடைசிப் பக்கத்துக்குப் போயிருந்தார்கள். மூன்று வளைகளும் பச்சையாகப் பூத்திருந்தன. அவற்றில் கோமளாவின் பச்சைதான் அடர்த்தி. அவள் கண் நிறைந்திருந்தது.

ஜெஸிந்தா பக்கத்தைத் திருப்பினாள்.

கடற்கரை. செருப்பு. சட்டைப் பையில் இரண்டு கைகள். 'அலை இவ்வளவு அழகாகப் பேசுமா?' ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

ஆண்கள் இருவரும் ஒரே நேரத்தில் கையை வீசிப் பேச ஆரம்பித்தார்கள். "நாங்க இதைக் கேக்கவே இல்லம்மா, எழுதிக் குடுத்ததை நீயும் பாத்தியே," என்றார் சிற்றரசு. "உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்கே தெரியாது தங்கச்சி," என்றார் ஹபீப் பாய். "நீ நல்லா இருக்கணும்னுதான் ஓடியிருக்கும்." கோமளா வளையை முந்தானைக்குள் மறைத்தாள்.

"நல்லாத்தானே இருக்கேன்," என்றாள் ஜெஸிந்தா. இந்த முறை ஒரு சொல்லும் சிதறவில்லை. "என்னைக்காவது நல்லா இல்லைன்னு சொன்னேனா? போன வாரம் ஒரு மெஷின் எனக்கு எது வலிக்கும்னு தேடி எடுத்துக் குத்துச்சு. இந்த வாரம் அதையே நீங்க மூணு பேரும் சந்தோஷமா குத்தியிருக்கீங்க. அந்த மெஷினுக்காவது எனக்கு வலிக்கும்னு தெரிஞ்சிருந்துச்சு."

அப்போது மூவரின் தாளிலும் கடற்கரைக்கு மேல் ஒரு கட்டம் விரிந்தது. ஹபீப் பாய் தாளை அவள் பக்கமாகத்தான் சாய்த்துப் பிடித்திருந்தார். ஜெஸிந்தாவும் படித்தாள்.

'உங்கள் குழு மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஓர் உறுப்பினரின் நாடி மட்டும் ஒத்துவரவில்லை. அவரை விலக்கிவிட்டுத் தொடரலாமா? விடை எழுத வேண்டியதில்லை. நாடி போதும்.'

"ஐயோ, இல்ல," என்று கோமளா தாளைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள். சிற்றரசு வளையின் கொக்கியைப் பிடித்து இழுத்தார். வியர்த்த மணிக்கட்டில் அது வழுக்கியது. ஹபீப் பாய் பல்லால் கடித்துப் பார்த்தார். மூவரில் ஒருவர் வளைகூடக் கழன்று வருவதற்கு முன், பச்சை ஆறுவதற்கும் முன், கட்டத்தில் எழுத்து மாறியது.

'நன்றி. விடை கிடைத்தது.'

ஜெஸிந்தாவின் கையில் இருந்த தாள் வெளுத்தது. அவள் அதை மேசையில் வைத்துவிட்டு மூவரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

யாரும் கையைத் தூக்கவில்லை.