மூணு இஞ்ச் மோகம்!

“ஐயோ... கொலை! கொலை!”

தபால்காரப் பெண்மணி போட்ட அலறலில் ஹேசல் ஃபோர்க் கடைவீதியே திரும்பிப் பார்த்தது.

துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேஜைக்குப் பின்னால், கடைக்காரர் டெல்பர்ட் ஹென்ஸ்லி மல்லாந்து கிடந்தார். மண்டையில் ரத்தம். பக்கத்தில் ஓர் இரும்பு வாணலி...

ஷெரீஃப் வாண்டா டாக்கெட் மண்டியிட்டு, அவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள்.

துடித்தது!

“கத்தாதீங்கம்மா. இன்னும் கொலை ஆகலை. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!”

சுவர் நிறைய ரைஃபிள்கள். ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை. கல்லாப்பெட்டி பூட்டியபடியே இருந்தது. மேஜைக்குள்ளே சிவப்பு வெல்வெட் துணியின் மேல் மட்டும் ஒரு வெற்றிடம்.

துணை ஷெரீஃப் கைல் எட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

“மேடம்... அந்த மூணு இஞ்ச் குழல் ரிவால்வரைக் காணோம்!”



அந்த ரிவால்வர் மேல் ஊரில் பாதிப் பேருக்குக் கண். ஆனால் அதற்காக நேற்று டைனர் சாப்பாட்டுக் கடையில் எல்லோர் முன்னாலும் டெல்பர்ட்டோடு சண்டை போட்டவன் ஒரே ஒருவன்தான்.

ராய்ஸ் டாக்கெட். அவளுடைய சொந்தத் தம்பி!

“மேடம், இன்னொண்ணு...” கைல் தயங்கினான். “வாணலில பொலோனா இறைச்சி வறுத்த வாசனை வருது. டெல்பர்ட் கடைப் பின்கட்டுல தினம் பொலோனா வறுத்து சாப்பிடறது யாருன்னா...”

“தெரியும். வாயை மூடு.”

கைரேகையும் ராய்ஸுடையதுதான். பிடி முழுக்க!

*

அரசு வக்கீல் கார்லண்ட் பென்ஸ், வாண்டாவின் மேஜை விளிம்பில் உட்கார்ந்து கால் ஆட்டினார். சாம்பல் நிறக் கோட்டு. பளபளக்கும் பூட்ஸ். அடுத்த தேர்தலில் நீதிபதி ஆகிவிடும் ஆசை முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

“வாண்டா, பாசம் வேற, சட்டம் வேற. திங்கட்கிழமை கேஸை மாநில போலீஸ்கிட்ட கொடுத்துடறேன். உன் தம்பி பெரிய ஜெயிலுக்குப் போகட்டும்.”

“அவன் அடிக்கலை, கார்லண்ட்!”

“டெல்பர்ட் கண்ணே திறக்கலை. செத்துட்டார்னா கொலைக்கேஸ். புரியுதா?”

“ஒரு ரிவால்வருக்காகவா மண்டையை உடைப்பான்?”

கார்லண்ட் சிரித்தார்.

“அதான் எனக்கும் புரியலை. ரெண்டு இஞ்சோ, மூணு இஞ்சோ... எனக்குத் துப்பாக்கின்னா எல்லாம் ஒண்ணுதான். இந்த ஊரு ஆம்பளைங்களுக்கு என்ன பைத்தியமோ!”

அவர் போன பிறகும் சென்ட் வாசனை போகவில்லை. வாண்டாவுக்கு எரிச்சலாக வந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. பெரிய ஜெயிலில் ராய்ஸ் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

*

லாக்கப் கம்பிக்குப் பின்னால் ராய்ஸ் மூக்கை உறிஞ்சினான்.

“அக்கா, சத்தியமா நான் இல்லை! பொலோனா வறுத்தேன், சாப்பிட்டேன், கிளம்பிட்டேன். வாணலியைக் கழுவாம வெச்சது மட்டும்தான் என் தப்பு.”

“சரிடா, அப்படி என்னதான் இருக்கு அந்த மூணு இஞ்ச்ல?”

அவ்வளவுதான்! அழுதுகொண்டிருந்தவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“என்னக்கா இப்படிக் கேட்டுட்ட? ரெண்டு இஞ்ச் குழல் இருக்கே, அதுல காலித் தோட்டாவைத் தள்ளுற கம்பியும் குட்டை. பாதி வெளிய வந்து மாட்டிக்கும். நாலு இஞ்ச் இருக்கே, கார்ல உக்காந்தா தொடையில குத்தும், கோட்டுக்குக் கீழ எட்டிப் பாக்கும். மூணு இஞ்ச்... ஆஹா! கம்பி முழு நீளம். தோட்டா மொத்தமும் பொலபொலன்னு கொட்டும். கோட்டுக்குள்ள இருக்கிறதே தெரியாது. ரெண்டு கம்மி, நாலு ஜாஸ்தி, மூணு கச்சிதம்!”

“அப்புறம் ஏன்டா எல்லாக் கடையிலயும் வெச்சு விக்க மாட்டேங்கறான்?”

“கம்பெனிக்காரன் பண்ணினாத்தானே? ரெண்டு பண்ணுவான், நாலு பண்ணுவான். மூணு, எப்பவாவது மனசு வந்தா கொஞ்சூண்டு. வந்த அன்னிக்கே காலி! நம்ம அப்பா வெச்சிருந்தாரே, அது மாதிரி இன்னொண்ணு டெல்பர்ட் கடையைத் தவிர இந்த ஜில்லாவுல நான் பார்த்ததே இல்லை. அப்பாவோட துப்பாக்கி உறை மட்டும் வீட்ல சும்மா தொங்குது. அதான்க்கா ஆசைப்பட்டேன்...”



வாண்டா சட்டென்று நிமிர்ந்தாள்.

“உறை!”

“என்னக்கா?”

“மூணு இஞ்சுக்கு உறை கிடைக்குமாடா?”

“துப்பாக்கி கிடைச்சாலும் கிடைக்கும், உறை கிடைக்கவே கிடைக்காது! ரெண்டு இஞ்ச் உறையில போட்டா மூக்கு வெளிய நீட்டும். நாலு இஞ்ச் உறையில போட்டா லொடலொடன்னு ஆடும்...”

“திருடினவன் அதை ஆத்துல வீசியிருப்பானா?”

ராய்ஸ் நெஞ்சில் கை வைத்தான். கெட்ட வார்த்தையைக் கேட்டவன் போலத் துடித்துப் போனான்.

“மூணு இஞ்சையா? அவன் மனுஷனாக்கா!”

*

சனிக்கிழமை. பொருட்காட்சித் திடலில் துப்பாக்கிச் சந்தை. வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு துப்பாக்கியிலும் தோட்டா இல்லை என்று பார்த்து, பிளாஸ்டிக் கட்டுப் போட்டுத்தான் உள்ளே விடுவார்.

வாண்டாவின் பள்ளிக்கூடத் தோழி ஓபல், தன் மேஜை நடுவில் வாண்டா தந்த அவள் அப்பாவின் உறையை எண்ணெய் தேய்த்து வைத்திருந்தாள். மேலே ஒரு அட்டை: ‘மூணு இஞ்ச் உறை. ஒண்ணே ஒண்ணு!’

பின்னால் தொங்கும் வேட்டைக் கோட்டுகளுக்கு நடுவில் வாண்டா ஒளிந்து நின்று, குச்சியில் செருகிப் பொரித்த கார்ன் டாக் தின்றுகொண்டிருந்தாள்.

முதலில் பல் டாக்டர் வந்தார்.

“உறை கிடக்கட்டும் ஓபல், துப்பாக்கி எங்க?”

“இல்லை டாக்டர்.”

“சே!”

அடுத்து பாதிரியார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“ஆண்டவர் மன்னிக்கட்டும்... இதோட சேர்ந்த துப்பாக்கி ஏதாவது...?”

“உறை மட்டும்தான் பாதர்.”

பெருமூச்சு விட்டுக்கொண்டே போனார். அப்புறம் மெக்கானிக். அப்புறம் வங்கி மேனேஜர். உறையைத் தடவிப் பார்ப்பார்கள். துப்பாக்கி எங்கே என்பார்கள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார்கள்.

ஓபல் திரும்பாமலே முணுமுணுத்தாள்.

“அடியே வாண்டா, ஊரே வந்து கேக்குதுடி. இதுல யாரைன்னு புடிப்ப?”

“துப்பாக்கி எங்கன்னு கேக்காதவனை!”

அப்போது அந்த சென்ட் வாசனை வந்தது.

“ஓபல், இது என்ன விலை?”

சாம்பல் கோட்டு. பளபளக்கும் பூட்ஸ். கார்லண்ட் பென்ஸ்!

“உங்களுக்கு எதுக்கு சார் உறை?” ஓபல் அப்பாவியாகக் கேட்டாள். “துப்பாக்கி கிடையாதே என்கிட்ட!”

“பரவாயில்லை, பரவாயில்லை. உறை போதும். சும்மா... அழகுக்கு.”

பேரமே பேசவில்லை. வாங்கினார். கோட்டுக்குள் செருகினார். விறுவிறுவென்று கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்தார்.

வாண்டாவின் கையிலிருந்த கார்ன் டாக் கீழே விழுந்தது.

*

கார் கண்ணாடிக்குள்ளே கார்லண்ட் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். முகத்தில் முதல் குழந்தையைக் கையில் வாங்கிய தகப்பனின் பூரிப்பு.

டக்... டக்... வாண்டா கண்ணாடியைத் தட்டினாள்.

அவர் விருட்டென்று நிமிர்ந்தார். பட்டனை அழுத்தினார். கண்ணாடி இறங்கியது. மறுவிநாடி உறையிலிருந்து ரிவால்வரை உருவி அவள் மார்புக்கு நேராக நீட்டினார்!

“அசையாதே வாண்டா!”

“எல்லாத் துப்பாக்கியும் ஒண்ணுதான்னு சொன்னீங்களே சார்?”

“அந்தக் கிழவன் என்னை என்ன பாடு படுத்தினான் தெரியுமா? வெல்வெட்ல வெச்சுக் காட்டுவான். தொட விடுவான். ‘நாளைக்கு யோசிச்சுச் சொல்றேன்’பான். மறுநாளும் அதே பாட்டு! எத்தனை நாள்தான் பொறுப்பேன்? பக்கத்துல வாணலி இருந்துச்சு... கோட்டு நுனியால பிடிச்சு, ஒரே போடு!”

“என்னைச் சுட்டுட்டு என்ன சொல்லுவீங்க?”

“தம்பியைக் காப்பாத்த நீ என்னை மிரட்டினேன்னு சொல்லுவேன். நான் சொன்னா கோர்ட் நம்பும்.”

நம்பும்தான். கண் எதிரே குழல்... அதன் வாய்... அதற்கு மேலே...

அவள் கண்கள் சுருங்கின.

பிறகு, அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்!

“என்ன சிரிப்பு?” கார்லண்ட் உறுமினார்.

“சார்... குழல் நுனியில குறி பார்க்க ஒரு இரும்பு மூக்கு இருக்குமே, உங்களுதுல அதைக் காணோம். உறைக்குள்ள கழண்டு விழுந்துடுச்சு போல!”

எந்தச் சேகரிப்பாளனால் பார்க்காமல் இருக்க முடியும்? கார்லண்டின் கண்கள் தானாக மடியிலிருந்த உறைக்குத் தாழ்ந்தன.

அந்த ஒரு விநாடி போதும்! ஜன்னல் வழியாகப் பாய்ந்த வாண்டாவின் கை, அவர் மணிக்கட்டை முறுக்கியது. ரிவால்வர் அவள் கைக்கு வந்தது.

திருப்பிப் பார்த்தாள். குழல் நுனியில் அரம் போட்ட தழும்பு. பசை ஒட்டியிருந்த கறை. பக்கவாட்டில் பொறித்திருந்த எழுத்துகள் நடுவில் இல்லாமல் நுனியில் போய் முட்டிக்கொண்டு நின்றன.

“கார்லண்ட்... இது மூணு இஞ்சே இல்லை. நாலு இஞ்ச்! ரம்பத்தால அறுத்து, மூக்கைப் பசை போட்டு ஒட்டியிருக்கார் டெல்பர்ட்!”

விலங்கு மாட்டும்போது அழாத கார்லண்ட், அதைக் கேட்டதும் ஸ்டியரிங்கில் முகம் புதைத்து ஓவென்று அழுதார்.

*

ஞாயிற்றுக்கிழமை டெல்பர்ட் கண் விழித்தார். தலை முழுக்கக் கட்டு. கட்டில் ஓரத்தில் வாண்டாவும், விடுதலையான ராய்ஸும்.

“என் ரிவால்வர்...?” அதுதான் முதல் வார்த்தை.

“பத்திரமா இருக்கு. மூக்குதான் தனியா இருக்கு,” என்றாள் வாண்டா.

டெல்பர்ட் கண்ணை மறுபடி மூடிக்கொண்டார்.

“நடிக்காதீங்க! ஊரை ஏமாத்த ஏன் அறுத்தீங்க?”

“என்னம்மா பண்றது வாண்டா? எல்லாரும் மூணு இஞ்ச், மூணு இஞ்ச்னு உயிரை எடுக்கறாங்க. கம்பெனிக்காரன் பண்ண மாட்டேங்கறான். சரி, நாமளே பண்ணிடுவோம்னு...”

ராய்ஸ் பரிதாபமாகக் கேட்டான்.

“அப்ப எனக்கு மட்டும் ஏன் தர மாட்டேன்னு சொன்னீங்க?”

“டேய் ராய்ஸ்... தினம் என் கூட உக்காந்து பொலோனா தின்னவன்டா நீ. உங்கப்பா உறைக்குப் போய் போலியைக் கொடுக்க மனசு வரலைடா.”

ராய்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. வாண்டாவுக்கும்தான். ஆனாலும் சட்டம் வேறு, பாசம் வேறு என்று கார்லண்டே சொல்லியிருக்கிறாரே! மோசடிக் கேஸுக்காக விலங்கை எடுத்து டெல்பர்ட்டின் கையைக் கட்டில் கம்பியோடு பூட்டினாள்.

“ஐயோ... எனக்கு எத்தனை வருஷம்மா கிடைக்கும்?”

வாண்டா தம்பியைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ரெண்டு வருஷம் ரொம்பக் குட்டை. நாலு வருஷம் ரொம்ப நீளம். ஜட்ஜ்கிட்ட சொல்லி... மூணா அறுத்து வாங்கித் தரேன்!”