முதற்செவி

"வாயைப் பொத்து! அவர் வாயைப் பொத்து, தௌபீக்!"

கத்திக்கொண்டே சுகிர்தா இடது காதுக்குள் விரலைத் திணித்தாள். படகு அப்போதுதான் ஓர் அலையின் உச்சியில் ஏறியிருந்தது. இந்தப் படத்துக்குப் புதிதாகச் சேர்ந்த ஒளிப்பதிவாளன் தௌபீக் ஒரு கையால் கேமராவை அணைத்தபடியே பாய்ந்து, மறு கையால் படகோட்டி சிலுவைமுத்துவின் வாயை அடைத்தான். சக்கரம் கைவிட்டுப் போக, படகு தானாகவே ஒரு வட்டம் அடித்தது.

"விடுங்க தம்பி, மூச்சு முட்டுது!" சிலுவைமுத்து திமிறினார். "என்ன பண்ணிட்டேன் இப்ப?"

"பாடினீங்க!"

"பாடுனேனா? சும்மா முனங்குனேன். சக்கரத்தப் புடிச்சா எனக்கு வாய் தானா ஓடும், பாத்துக்கிடுங்க."

இரண்டு நிமிடங்களுக்கு முன் அடித்த பெரிய அலை சுகிர்தாவின் இடது செவிப்பூட்டுக்குள் உப்புநீரைப் புகட்டிவிட்டது. பேச்சை உள்ளே விட்டு, மெட்டை வெளியே நிறுத்தும் குட்டிக் கருவி அது. அது செத்துப்போன அந்த நேரம் பார்த்துத்தான் மனிதர் முனகினார். மூன்றே மூன்று தட்டு. தொம், தொம்... இடைவெளி... தொம்.

சுகிர்தா முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வெங்காயத் தோல்போல ஒட்டியிருந்த சிலிர்ப்புப் பதிவியில் எண் மின்னியது. அறுபத்தொன்று. கை முடி அத்தனையும் எழுந்து நின்றது.

மூன்று தட்டுக்கா அறுபத்தொன்று?

சட்டைக் கையைச் சட்டென்று இழுத்துவிட்டாள். தௌபீக் பார்த்துவிட்டான்.

"மேடம், பரஞ்சோதி சாருக்குத் தெரிஞ்சா?"

"படம் போச்சு. என் விடுதலையும் போச்சு. உனக்கு வாய் இருக்கா?"

"பிறவியிலேயே இல்ல மேடம்."

சிலுவைமுத்து சக்கரத்தைப் பிடிக்க, படகு மறுபடி கிழக்கே திரும்பியது. சுகிர்தா செத்த செவிப்பூட்டைக் கழற்றிவிட்டு விரலையே காதுக்குள் வைத்துக்கொண்டாள்.

பண்ணாக்கி வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. யார் காதில் மாட்டினாலும் அவருக்கென்றே ஒரு பாட்டைப் பிறப்பிக்கும் இயந்திரம். ஆட்டோவில் ஏறி இறங்குவதற்குள் ஏழெட்டுப் புதுப்பாட்டு. காய்கறி நறுக்க ஒன்று, கோபம் தணிய ஒன்று. விளைவு, உலகத்தில் ஒருவருக்கும் பாட்டுக் கேட்டு உடம்பு சிலிர்ப்பதில்லை. விரல் சொடுக்கினால் கொட்டுகிற மழையில் யார் ஆசையாய் நனைவார்கள்?

அங்கேதான் பரஞ்சோதியின் 'புதுச்செவி' நிறுவனம் புகுந்தது. உலகெங்கும் உள்ள இசைக்காரர்களைப் பற்றிய ஆவணப்படங்கள். ஒரு மூலையில் ஒரு கூட்டம் பாடும். அதை வாழ்நாளில் முதன்முறையாக ஒருவர் நேரில் கேட்பார். அவர் தோலில் எழும் சிலிர்ப்பைப் பதிவி பிடித்துக்கொள்ளும். படம் பார்ப்பவர்கள் மணிக்கட்டில் சிலிர்ப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டால் அதே சிலிர்ப்பு அவர்கள் கையிலும் ஓடும். படம் வெளியாகும் அன்று டீக்கடைகள் வெறிச்சோடின. மங்கோலியப் புல்வெளிப் படத்துக்குப் பிறகு மதுரையில் நாலு குழந்தைகளுக்கு மங்கோலியப் பெயர் வைத்தார்கள்.

அந்தத் தோல் சுகிர்தாவின் தோல். அவள்தான் முதற்செவி.

முதற்செவிக்குச் சட்டம் ஒன்றே. எந்தப் பாட்டையும் இரண்டாம் முறை கேட்கக் கூடாது. அவள் நடித்த படத்தை அவளே பார்க்கக் கூடாது. ஒவ்வொரு படம் முடிந்ததும் 'செவிக்கழுவல்' நடக்கும். பாட்டும், அதைக் கேட்ட அந்த மாதமும் மூளையிலிருந்து சுத்தமாகத் துடைக்கப்படும். அடுத்த இசைக்கு வெள்ளைத் தாள்போலக் காது தயார். முதல் இரண்டு படங்கள் படுத்துவிட்டன. மூன்றாவதிலிருந்து கொடி பறந்தது. அந்தப் பயணங்களில் சுகிர்தாவுக்கு மிஞ்சியவை வீட்டுச் சுவரில் உள்ள சுவரொட்டிகள்தான். புல்வெளி, பனிமலை, பாலைவனம்; முன்னால் கண்மூடிய அவள் முகம்.

பேருந்தில் ஒருத்தி காதில் மாட்டிக்கொண்டு பழைய பாட்டு ஒன்றைக் கேட்பதை ஒருநாள் பார்த்தாள். வரி வரும் முன்பே அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. அடுத்து என்ன வருமென்று தெரிந்தும் சிரித்தாள். அந்தச் சிரிப்பின்மேல் சுகிர்தாவுக்குத் தீராத பொறாமை. ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு. அதை இரண்டாம் முறை கேட்க வேண்டும்.

இந்தப் படத்தில் பதிவி தொண்ணூறைத் தாண்டினால் அது நடக்கும். ஒப்பந்தம் முடியும், செவிப்பூட்டைக் கழற்றிக் கடலில் எறியலாம். தாண்டாவிட்டால் இன்னும் ஐந்து வருடம்.

"அதோ!" என்றார் சிலுவைமுத்து.

எஃகுத்தீவு வெயிலில் பழுத்துக் கிடந்தது. பழைய எண்ணெய்க் கப்பல்கள் பத்துப் பதினைந்தைப் பக்கவாட்டில் பற்றவைத்து ஊராக்கியிருந்தார்கள். உடைப்பதற்காகத் தூத்துக்குடியிலிருந்து வந்தவர்கள், உடைக்க மனமில்லாமல் குடியேறிவிட்டார்கள். அவர்களுடைய இசைக்குப் பெயர் தொட்டியடி.

ஏணியில் அவள் தலை தெரிந்ததுமே ஒரு கூட்டம் ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கியது. முன்னால் நின்றவள் கித்தேரியம்மாள். ஆறடி உயரம், வெல்டிங் பொறி பட்டுப் புள்ளிபுள்ளியான முன்கைகள், இடுப்பில் சுத்தியல்.

"வாம்மா வாம்மா. படகு ரொம்பத் தூக்கிப் போட்டுச்சோ? எம் தம்பி ஓட்டுனா அப்படித்தான். லேய் சிலுவ, முனங்குனியா?"

"இல்லக்கா."

"மூஞ்சியே சொல்லுது. ஒன்னிய அப்புறம் பேசிக்கிடுதேன்."

தௌபீக் அவசரமாக, "நேரமாச்சு, வெளிச்சம் போயிடும், ஆரம்பிக்கலாமா?" என்று நடுவில் புகுந்தான்.

இரும்பு ஏணி வழியே கப்பலின் வயிற்றுக்குள் இறங்கினார்கள். திருமண மண்டபம் அளவுக்கு ஒரு காலித் தொட்டி. மேலே வெட்டிய திறப்புகளிலிருந்து வெயில் தூண்களாக விழுந்தது. முப்பது பேர் சுவரோரம் நின்றார்கள். கையில் ஸ்பேனர், சங்கிலி, ரப்பர் சுற்றிய கட்டை. மூலையில் இரண்டு பேர் குழாய் வால்வுகளைப் பிடித்தபடி.

"அவங்க எதுக்கு?" என்றான் தௌபீக், கேமராவைத் தோளில் ஏற்றியபடி.

"சுருதிக்கு" என்றாள் கித்தேரியம்மாள். "கடத்தண்ணிய உள்ள விட்டா தொட்டிக்குக் குரல் ஏறும். வடிச்சா எறங்கும். காலு நனையும், செருப்பக் கழத்திக்கோ."

"இந்த இசை எப்படிப் பிறந்ததுன்னு கேமராவுக்குச் சொல்லுங்களேன்."

"பயத்துலதான். உள்ள எறங்கி வெல்டிங் பண்ணுதவன் வாயு அடிச்சு விழுந்துட்டான்னா மேல நிக்கவனுக்கு எப்படித் தெரியும்? மேலருந்து தட்டுவோம்: 'இருக்கியா?' உள்ள இருக்கவன் பதில் தட்டணும்: 'இருக்கேன்.' பதில் வந்தாத்தான் எங்களுக்கு மூச்சு வரும். அந்தக் கேள்வியும் பதிலுந்தான் இது."

சுகிர்தா அவர்கள் நடுவில் சுவரருகே போய் நின்றாள். கண்ணை மூடினாள். வலது செவிப்பூட்டையும் கழற்றினாள்.

கித்தேரியம்மாளின் சுத்தியல் சுவரில் விழுந்தது.

தொட்டி முழுவதும் ஒரு மிருகம்போல விழித்துக்கொண்டது! சங்கிலிகள் சரிந்தன, ஸ்பேனர்கள் பொரிந்தன, காலடியில் கடல்நீர் குளிர்ந்து ஏற ஏற எஃகின் குரல் அடிவயிற்றிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தொண்டைக்கு உயர்ந்தது. முப்பது பேரும் ஒரே மூச்சாகக் குரல் கொடுத்தார்கள். சொல் இல்லாத குரல்.

"எழுபது!" தௌபீக் கிசுகிசுத்தான். "எழுபத்தெட்டு... எண்பத்தொண்ணு... மேடம், எண்பத்தொண்ணுலயே நிக்குது!"

போதாது. சுகிர்தா பல்லைக் கடித்தாள். இன்னும் ஐந்து வருடமா? இன்னும் ஐந்து வருடம் வெள்ளைத் தாளா?

கித்தேரியம்மாளின் சுத்தியல் மறுபடி விழுந்து கேட்டது. இருக்கியா?

எல்லாம் நின்றது. ஒரு சங்கிலிகூட அசையவில்லை. முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நீர் சொட்டும் ஓசை மட்டும்.

சுகிர்தாவின் வலது கை எழுந்தது. அவள் தூக்கவில்லை, அதுவாகவே எழுந்தது. திறந்த உள்ளங்கை எஃகுச் சுவரில் விழுந்தது. இரண்டு தட்டு. அரை மூச்சு நிறுத்தம். புறங்கையால் ஒன்று. பிறகு, யாரும் எதிர்பார்க்க முடியாத இடத்தில், விரல் நுனியால் இன்னும் ஒன்று.

இருக்கேன்.

தொட்டி வெடித்தது! முப்பது பேரும் கூவிக்கொண்டு ஒன்றாக அடித்தார்கள். உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை மின்னல் இறங்கியதுபோல அவள் உடம்பு உதறியது. கண்ணீர் தானாக வழிந்தது.

"தொண்ணூத்தாறு!" தௌபீக் தண்ணீருக்குள் குதித்தான். "தொண்ணூத்தாறு மேடம்! ஜெயிச்சுட்டீங்க!"

அவன் இடுப்பில் இருந்த பேசி அலறியது. சென்னையிலிருந்து பரஞ்சோதி. "பதிவி எண்ணைப் பாத்தேன்! சுகிர்தா, நீ மனுஷியே இல்ல, தெய்வம்! உனக்கு விடுதலை, போ! ஹெலிகாப்டர் எப்ப வேணும்னு சொல்லு, அனுப்பறேன்!"

சுகிர்தா அதைக் காதிலேயே வாங்கவில்லை. சிவந்துபோன தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா," என்றாள் மெதுவாக. "அந்த இடத்துல அப்படித்தான் தட்டணும்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கித்தேரியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுற்றி இருந்த சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது.

"கேட்டுட்டியா? கேட்டாச் சொல்லணும்னுதான் பேச்சு. நீ இங்க வாரது இதோட பதினாலாவது தடவம்மா."

தௌபீக்கின் கேமரா தோளிலிருந்து இறங்கியது.

"பொய்" என்றாள் சுகிர்தா. "நான் மங்கோலியா போனேன். பெரு போனேன்..."

"போனது வேற ஆளுங்க. அங்க பாடுனவங்க பாட்டெல்லாம் நெசந்தான். ஒம் மூஞ்சியும் சிலிர்ப்பும் மட்டும் இங்கருந்து போவுது. நாங்களும் பட்டையக் கட்டிக்கிட்டுப் பாத்தோம்லா? மங்கோலியாக்காரன் குதிர மேல உக்காந்து பாடுதான், கேக்கவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்களுக்குக் கை சிலிர்க்கது எங்க தட்டு விழுத எடத்துல! இந்தச் சிலுவப்பய, 'யக்கா, மங்கோலியாவுலயும் தொட்டி இருக்கு போல'ங்கான். எங்க மூஞ்சி மட்டும் ஒரு படத்துலயும் வந்ததில்ல, அதயும் கேட்டுச் சொல்லு."

சுகிர்தாவின் மண்டைக்குள் எல்லாம் வேகமாக இடம் மாறி உட்கார்ந்தன. படுத்துப்போன அந்த முதல் இரண்டு படங்கள்! அவைதான் உண்மையிலேயே புத்தம்புதுசாகக் கேட்டவை. முன்பின் தெரியாத பாட்டுக்குக் காது திகைத்து நிற்குமே தவிர முடி எழாது. வரப்போவது தெரிந்து, அது வந்து சேரும்போதுதான் எழும். மூளையைக் கழுவினார்கள், முதுகுத்தண்டைக் கழுவ முடியவில்லை. ஊர் உலகமே புதுசு புதுசு என்று காசு கொடுத்துக் கட்டிக்கொண்ட சிலிர்ப்பு முழுக்க, ஒரே பழைய பாட்டு!

கையிலிருந்த செவிப்பூட்டை எஃகுச் சுவரில் ஓங்கி அடித்தாள். அது சிதறியது.

"நான் போகல. எந்தக் கழுவலுக்கும் போகல. இங்கயே இருந்துக்கறேன். அக்கா, மறுபடி வாசிங்க. இப்பவே. தெரிஞ்சே கேக்கணும் நான்!"

கித்தேரியம்மாள் சுத்தியலைத் தூக்கவில்லை.

"ஏன்? பரஞ்சோதிக்குப் பயமா?"

"அவனுக்கா? அவன் இந்த ஏணியில எறங்கவே நாலு பேரு புடிக்கணும்." கித்தேரியம்மாள் அவள் தோளில் கைவைத்தாள். "இருக்கேன்னுதாம்மா ஒவ்வொரு தடவயும் சொல்லுத. கட்டில் போட்டுக் குடுக்கோம். காலையில மறுபடி வாசிக்கச் சொல்லுவ, வாசிப்போம். கேட்டுட்டு ஒங் கையப் பாப்ப. முடி படுத்துக் கெடக்கும். 'ஒடம்புக்குத் தெரிஞ்சிருக்கணும், மண்டைக்குத் தெரியக் கூடாது, அப்பத்தான்க்கா அது வருது'ம்ப."

"அப்புறம்? அவங்க ஆள் அனுப்பி என்னை இழுத்துட்டுப் போயிடுவாங்க, அதானே?"

"யாரும் இழுக்கலம்மா. நீயேதான் ஹெலிகாப்டர வரச் சொல்லுவ. அடுத்த தடவ வரும்போது முதல்லயே சொல்லிராதீங்கன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிடுவ."

"முடியாது. இதுதான் என் கடைசிப் படம். ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு!"

கித்தேரியம்மாள் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கடைசிப் படம்னு நெனச்சுக்கிட்டுக் கேட்டா இன்னும் நல்லாச் சிலிர்க்கும்னு, அத அப்படி எழுதச் சொன்னதே நீதாம்மா."