பழைய காரில் புதுப் புகை

பழைய வாடை நாளாக நாளாகக் குறையத்தானே வேண்டும். பஸ்மினாவின் காரில் அது புதிதாகிக்கொண்டு வந்தது.

வாங்கிய அன்று அது எப்போதோ யாரோ குடித்துவிட்டுப் போன சிகரட்டின் வாடை. பழந்துணியில் ஊறிய சாம்பலைப்போல, மூக்குக்கு எட்டியும் எட்டாமலும் இருந்தது. இரண்டு கிழமை கழிந்தபின், காலையில் கதவைத் திறந்தால், இப்போதுதான் ஒருவர் அணைத்துவிட்டு இறங்கிப் போனதுபோல் தொண்டையைப் பிடித்தது.

பாவம், அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம். மூச்சு இறுகினால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும். வாயில் வைத்து அடிக்கும் மருந்துப் பம்ப் எப்போதும் கூடவே இருக்கும். போன வருடம் பஸ்ஸில், பக்கத்தில் இருந்தவரின் சட்டையில் ஒட்டியிருந்த புகை நாற்றமே போதுமாக இருந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் குழாயோடு கிடந்தாள். இன்னொரு முறை அப்படி வந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்முனையிலிருந்து வரிப்பத்தான்சேனைப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்வர அந்தச் சின்னக் காரை வாங்கியதே அதனால்தான்.

சிரட்டையில் கரித்துண்டு போட்டுச் சீற்றுக்கடியில் வைத்தாள். கோப்பித் தூள் வைத்தாள். வினாகிரி கலந்த தண்ணீரால் கூரைத் துணியைத் துடைத்தாள். வாளித் தண்ணீர் தேயிலைச் சாயமாக மாறியது. அப்பச்சோடாவைத் தூவி இரவு முழுக்க விட்டு உறிஞ்சி எடுத்தாள். கடைசியில் வாகனம் கழுவும் சின்னப்போடியிடம் விட்டாள்.

"ஏசி ஃபில்டர மாத்தினன் ரீச்சர். சீற்றக் கழட்டி மூண்டு நாள் வெயில்ல போட்டன். வெளியில கிடக்கக்குள்ள சீற்றுல ஒண்டும் மணக்கல்ல. திரும்பப் பூட்டினா வருகுது," என்று அவர் தலையைச் சொறிந்தார். "சிகரட்ட விட்டுடு ராசா எண்டு காருக்கிட்டயே கெஞ்சிப் பாத்துட்டன்."

அந்த வியாழன் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, உம்மா வழக்கம்போல வீட்டுக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். பஸ்மினாவின் கணவன் ஷிப்லி சட்டியை வாங்கிக் காருக்குள் வைத்து, நான்கு கதவையும் அடித்துச் சாத்தினான்.

"மஃரிபோட வெள்ளி இராவு தொடங்கிட்டு, செத்தவங்கட ரூஹுகள் வாற நேரம் மருமகன். கதவத் திறந்து வெச்சுத்தான் சாம்பிராணி காட்டுற. இப்பிடி அடைச்சு வைக்கிறல்ல," என்றார் உம்மா.

"வாறவங்க ஏறி இருக்கட்டும் மாமி. பெற்றோல் நான்தானே அடிக்கிறன்."

மறுநாள் திறந்தபோது சாம்பிராணி மணம் துளியும் இல்லை. சிகரட் மட்டும் இருந்தது. கண் எரிந்தது.

அதன்பிறகு கண்ணாடிகளை இறக்கிவிட்டே ஓட்டினாள். காற்று அடித்துக்கொண்டு போனால் சமாளிக்க முடிந்தது.

புதன்கிழமை பெற்றார் கூட்டம் முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் குடலைப் பருவத்து நெல் வேளாண்மை, வாய்க்கால் தண்ணீரின் சேற்று மணம், தவளைச் சத்தம். வளைவு திரும்பியதும் வீதிக்குக் குறுக்கே இருட்டு ஒன்று நின்றது. அது காதை அசைத்தது.

பிரேக்கை மிதித்தாள். ஷிப்லிக்குப் போன் எடுத்தாள்.

"மச்சான், ஆனை நிக்கிது."

"லைட்ட அணை. எஞ்சின நிப்பாட்டு. கண்ணாடி எல்லாத்தையும் ஏத்து. என்ன நடந்தாலும் இறங்காத புள்ள."

"கண்ணாடிய ஏத்தினா எனக்கு..."

"கொஞ்ச நேரம்தான். நான் இப்பவே வாறன். இருமாத. பம்ப அடி."

அவள் இருமியிருக்கவே இல்லை.

கண்ணாடிகள் ஏறின. தவளைச் சத்தம் நின்றுபோனதுபோல் தொலைந்தது. உள்ளே ஒரு வெப்பம் பரவியது. வெயிலின் வெப்பமல்ல, வாய்க்குள்ளிருந்து வருகிற ஈர வெப்பம். பிறகு, காகிதம் மெல்லப் பொசுங்கும் சத்தம். மிகக் கிட்ட.

பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். அவளுடைய பை. கொப்பிகள். வேறு ஒன்றும் இல்லை. கடைசி வெளிச்சத்தில் கூரைக்கடியில் நீலமாக ஒரு பட்டி நெளிந்தது.

பம்பை வாயில் வைத்து அழுத்தினாள். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தத் தொடங்கிவிட்டது. மறுபடி அழுத்தினாள். வெறும் காற்று. கதவைத் திறக்கலாம். திறந்தால் ஆனை. திறக்காவிட்டால் இது. அந்த வெற்று இருக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆயத்துல் குர்ஸியை ஓதினாள். பாதியில் மூச்சு போதவில்லை.

ஆனை வந்தது. காலடிச் சத்தமே இல்லை. இடப்பக்கக் கண்ணாடியில் தும்பிக்கையின் நுனி ஈரமாக ஒட்டியது. அது அந்தப் பக்கத்து இருக்கையை ஆறுதலாக மோந்தது. வெகுநேரம் மோந்தது. ஒன்றுமில்லாத இடத்தை மோந்துவிட்டு விடுவதுபோல் விட்டது.

முன்கண்ணாடியில் ஊர்ந்தது. வலப்பக்கம் வந்தது. அவளுடைய பக்கம்.

நின்றது.

தும்பிக்கை சுருண்டு பின்னுக்குப் போனது. அவ்வளவு பெரிய உடம்பு ஓரடி பின்வாங்கியது. இன்னொரு அடி. பிறகு பிளிறிக்கொண்டு, பயிரை மிதித்துக்கொண்டு, வயலுக்குள் ஓடியது.

பக்கத்து இருக்கைக்கு அது பயப்படவில்லை.

வீதி வெறுமையாக இருந்தது. சாவி கைக்கெட்டும் தூரம். திருப்பு, என்று நினைத்தாள். கை போகவில்லை. கதவு, என்று நினைத்தாள். கை போகவில்லை.

பூனைக்குட்டி கத்துவதை நிறுத்தியிருந்தது.

மூச்சு உள்ளே இறங்கியது. தடையில்லாமல். பிறந்த நாளிலிருந்து அவளுடைய மூச்சு போகாத ஆழத்துக்கு. அவள் அதை இழுக்கவில்லை. நிறுத்தப் பார்த்தாள். நெஞ்சு அவளைக் கேட்காமல் நிரம்பியது.

நிரம்பி, ஆறுதலாக, சுவைத்து, நின்றது.

மடியில் போன் ஒளிர்ந்தது. ஷிப்லியின் பேர். அந்த வெளிச்சத்தில், முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில், தன் முகத்தைக் கண்டாள். கண் இரண்டும் அவளுடையவை, கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே உதடுகள் சந்தோஷமாகக் குவிந்து, நீளமாக, நீலமாக, புகையை வெளியே விட்டுக்கொண்டிருந்தன.