ஆக்ஸிலேட்டரில் ஒரு கால்

திரையில் பச்சைக் கோடு இரண்டு முறை மெல்லத் துள்ளி அடங்கியது.

அவள் காருக்கு வெளியே, திறந்த பானெட்டுக்கு முன்னால் நின்று, எஞ்ஜினுக்குள் பெட்ரோல் பீய்ச்சும் பழைய இன்ஜெக்டர்களைக் கழற்றித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். லேப்டாப் பக்கத்து ஸ்டூலில் இருந்தது; அதிலிருந்து ஒரு வயர் காருக்குள் போயிற்று. சாவியைத் திருப்பி வைத்திருந்தாள், எஞ்ஜின் ஓடவில்லை. பச்சைக் கோடு என்பது ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் கால். மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும், அதற்கு வேறு வேலை கிடையாது. காரில் யாரும் இல்லை. ஷெட்டிலேயே அவளைத் தவிர யாரும் இல்லை. தகரக் கூரையில் மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல ஒன்றிரண்டு துளியாக விழுந்துகொண்டிருக்க, பெட்ரோலும் சூடாறிய ரப்பரும் கலந்த வாடை, வெளியிலிருந்து வரும் ஈர மண் வாடை, சுவரோரம் சுற்றும் விசிறியின் முனகல், எல்லாம் மற்ற சாயங்காலங்களைப் போலவே இருந்தன. கோடு மட்டும் துள்ளியது. டப், டப். பிறகு எதுவும் நடக்காததுபோலப் படுத்துக்கொண்டது.

அப்படி மிதிக்கிறவன் ஒருத்தன்தான். அவனை அடக்கம் செய்து ஒரு மழைக்காலம் முழுசாகக் கழிந்துவிட்டது.

கார் அவளுடைய தம்பியின் கார். தரையைத் தடவிக்கொண்டு போகிற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். எஞ்ஜினுக்குள் காற்றை வலிய அடைக்கும் சூப்பர்சார்ஜர் ஒன்று அதன் தலையில் உட்கார்ந்திருந்தது. எஞ்ஜின் ட்யூனிங் அவள் தொழில். ஓட்டுவது அவன் தொழில் இல்லை என்றாலும் அதைத் தவிர வேறு எதையும் அவன் உருப்படியாகச் செய்ததில்லை. அவன் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, அவள் பக்கத்து சீட்டில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்துகொள்வாள். கிளம்புவதற்கு முன் அவன் ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை லேசாகத் தட்டுவான். நான் தயார் அக்கா என்று அர்த்தம். அவள் எண்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு "சரி" என்பாள். அந்த ஒரு வார்த்தை வரும்வரை, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்து உயிரை வாங்கினாலும் நகர மாட்டான். வீட்டில் யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதவன், காரில் மட்டும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அவன் போனதும் இந்தக் காரில்தான், ஆனால் எதிலும் மோதிப் போகவில்லை. ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு நெஞ்சில் என்னவோ செய்திருக்கிறது. ஒழுங்காக ஓரம் கட்டி, நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து விட்டிருக்கிறான். கால் மட்டும் ஆக்ஸிலேட்டரிலேயே இருந்துவிட்டது. துவண்ட காலின் பாரத்தில் மிதி தரைவரை இறங்க, பெட்ரோல் தீரும்வரை கார் நின்ற இடத்திலேயே அலறியிருக்கிறது. அந்த வழியாகப் போனவர்கள் எவனோ பணக்காரப் பொடியன் பந்தா காட்டுகிறான் என்று திட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். இதற்கு மேல் சுற்றக்கூடாது என்று அவள் வைத்திருந்த எல்லைக்குள் நின்றதால் எஞ்ஜின் பிழைத்துக்கொண்டது. அவள் கட்டிய எஞ்ஜின் ஆயிற்றே, சாகுமா.

ஒரே நொடி, வலியே தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அம்மா இன்றுவரை அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் காரின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தது. அதைத் திறந்து அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான். கோடு மெல்ல ஏறியது. நடுங்கி நடுங்கிக் கொஞ்சம் இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி இறங்கப் பார்த்தது. மூன்று முறை அவன் காலைத் தூக்கப் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு கோடு உச்சியில் போய், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல, எஞ்ஜின் நின்றுபோகும் இடம்வரை நேராகப் போனது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அம்மா காரை விற்றுவிட்டாள். வாங்குகிறவர் ஒரு பல் டாக்டர். பல் பிடுங்கப் போவதற்கு இத்தனை அவசரமா என்று கேட்கத் தோன்றும். அவருக்கு இன்னும் வேகம் வேண்டுமாம். சூப்பர்சார்ஜரை இன்னும் வேகமாகச் சுற்றவைத்தால் காற்று கூடும், அந்தக் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலைப் பீய்ச்சப் பெரிய இன்ஜெக்டர்கள் வேண்டும். இன்ஜெக்டரை மாற்றியதும் இந்தத் தொழிலில் யாரும் மறக்காத வேலை ஒன்று உண்டு. கார் ஓட ஓட, ஓட்டுகிறவனின் காலுக்கு ஏற்ப எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் தானாகக் கற்றுவைத்திருக்கும். புது இன்ஜெக்டருக்குப் பழைய பாடம் ஆகாது. அதை அழித்துவிட்டுத்தான் எஞ்ஜினை ஓடவிட வேண்டும்.

அவள் அழிக்கவில்லை. அந்தக் கார் கற்றுவைத்திருந்தது அவன் காலை. உலகத்தில் அவன் கால் மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான்.

ஷெட்டை அடுத்த டயர்க்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கோடு துள்ளுகிறது என்று அவரிடம் சொன்னாள். மிதியில் இருக்கும் சென்சார் போயிருக்கும், மாற்று என்றார். காலையிலேயே மாற்றிவிட்டதாகச் சொன்னாள். அவர் காருக்குள் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு எதையும் பார்க்காமல் பேசினார்.

"கம்ப்யூட்டர்ல பழசை எல்லாம் அழிச்சிட்டியாம்மா?"

"இல்லண்ணே. அழிக்கணும்."

"காலைல அந்த ஆள் வந்து நிப்பாரு. சீக்கிரம் முடிச்சிட்டு வீட்டுக்குப் போ. தனியா உக்காந்துட்டு இருக்காதே."

அவர் போனதும் மழை ஒரு முடிவுக்கு வந்து கொட்டத் தொடங்கியது. சாரல் உள்ளே அடிக்கவே ஷட்டரைப் பாதிக்குமேல் இறக்கினாள். அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டாள், குடை இருக்கிறதா என்று கேட்டாள், கேட்க வந்தது அது இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"வண்டி நாளைக்குப் போயிடும்ல?"

"போயிடும்மா."

"தெருவுல அந்த மாதிரி சத்தம் கேட்டாலே அவன்தான் வந்துட்டான்னு கதவைத் திறக்கப் போயிடுறேன். இன்னைக்கும் போனேன். என்னால முடியல. அவனை விட்டுடலாம்மா."

சரி என்று சொல்ல வாயெடுத்தாள். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று பொய் சொல்லிப் போனை வைத்தாள்.

புகைக்குழாயில் மாட்டிய ஹோஸ் சுவர் ஓட்டை வழியாக வெளியே போகிறதா என்று பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எஞ்ஜினை எழுப்பினாள். பழைய பாடத்தோடு புது இன்ஜெக்டர்கள். இருமியிருக்க வேண்டும். கறுப்புப் புகை தள்ளியிருக்க வேண்டும். கம்ப்யூட்டரின் கணக்கெல்லாம் தாறுமாறாக ஓடியிருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. சூப்பர்சார்ஜரின் மெல்லிய விசிலோடு எஞ்ஜின் அத்தனை சீராக ஓடியது. உள்ளே ஒருவன் உட்கார்ந்து, இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று காலாலேயே சரிக்கட்டிக்கொண்டிருப்பதுபோல.

லேப்டாப்பைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் வைத்தாள். ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். சூடான பிளாஸ்டிக் வாடைக்கு அடியில், எப்போதும் அவன் வாயில் கிடக்கும் புதினா மிட்டாயின் வாடை வந்தது. பயப்பட வேண்டிய நேரம் அதுதான். ஆனால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாளில் முதல் முறையாக, அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வர, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"டேய்," என்றாள்.

டப், டப்.

இந்த முறை கோடு மட்டும் இல்லை. மிதியே அமுங்கியது. கண்ணெதிரே. இரண்டு முறை அமுங்கி, எழுந்து, காத்திருந்தது.

அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொன்னால் கிளம்பிவிடுவானோ என்று இருந்தது. கதவைப் பிடித்தபடி நின்று, அந்தச் சின்ன இரும்புத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையில் மழை. எஞ்ஜினின் சீரான மூச்சு. புதினா வாடையோடு மெல்ல மெல்ல வேறொரு வாடையும் சேர்ந்தது. வியர்வை. ஓடி வந்தவனின் வியர்வை இல்லை அது. காய்ச்சல்காரனின் தலையணையில் இருக்குமே, அந்தப் புளித்த ஈர வாடை. அன்று ஆஸ்பத்திரியில் அவனுடைய சட்டையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பையைத் திறந்ததும் இதே வாடைதான் வந்தது.

மிதி இறங்கத் தொடங்கியது.

மெல்ல. யாரோ மிதிப்பதுபோல இல்லை. எதுவோ சாய்வதுபோல. எஞ்ஜினின் குரல் ஏறியது. திரையில் கோடு நடுங்கி நடுங்கி மேலே போயிற்று. கொஞ்சம் இறங்கப் பார்த்தது. மறுபடி ஏறியது.

அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும்.

கண்ணை மூடினாலும் தெரியும் கோடு. மனப்பாடமான கோடு. கார் கற்றுவைத்திருந்த கடைசிப் பாடம் அதுதான். அதைத்தான் அவள் அழிக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

ஒன்று.

எஞ்ஜின் அலறியது. ஸ்டூலில் இருந்த இன்ஜெக்டர்கள் உருண்டு கீழே விழுந்தன. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

இரண்டு.

சாவி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. திருப்பினால் போதும். ஆனால் அன்று எஞ்ஜின் நின்ற இடத்தில்தான் கோடும் முடிந்திருந்தது. நிறுத்தினால் அவனும் முடிந்துவிடுவானோ என்று கை போகவில்லை.

மூன்றாவது முறை மிதி எழப் பார்த்து முடியாமல் துடித்தபோது அவள் குப்புற விழுந்தாள். கதவுப் படியில் வயிறு அழுந்த, காருக்குள் கால் வைக்கும் பள்ளத்தில் தோளைத் திணித்து, இரண்டு கைகளையும் மிதிக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள்.

கனத்தது. ஸ்பிரிங்கின் கனம் அல்ல. சோபாவில் தூங்கிப்போன பிள்ளையைக் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்தத் துவண்ட காலுக்கு ஒரு கனம் வருமே, அந்தக் கனம். சின்ன வயதில் அவள்தான் அவனைத் தூக்கிக்கொண்டு போவாள். அவளுக்குத் தெரியாதா.

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். தகடு விரலளவு எழுந்தது. அலறல் கொஞ்சம் இறங்கியது. மணிக்கட்டில் ஏதோ சொட்டியது. வெதுவெதுப்பாக. கூரையில் ஒழுகல் இல்லை, காருக்கும் மேல்மூடி இருந்தது. இன்னொரு சொட்டு. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணுக்கு நேரே சீட்டின் விளிம்பு தெரிந்தது. மெத்தை நடுவில் ஆழமாக அமுங்கியிருந்தது.

உள்ளங்கையில் பாரம் லேசாகியது. தகட்டின் மறுபக்கத்திலிருந்து, மெல்ல, மரியாதையாக, டப், டப்.

காத்திருந்தது.

அவனுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. அன்று பக்கத்து சீட் காலியாக இருந்தது. சரி என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல யாரும் இல்லை. அதனால் அவன் கிளம்பவே இல்லை. மூச்சுத் திணறிக்கொண்டு, இத்தனை நாளும், அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

டப், டப்.

"இருடா," என்றாள். குரல் உடைந்தது. "கொஞ்ச நேரம் இரு."

காரில் அவன் ஒரு நாளும் அவள் பேச்சைத் தட்டியதில்லை. இருந்தான். பாரம் மறுபடி மெல்லச் சாய்ந்து அவள் கைகளில் இறங்கியது, நடுங்கி எழப் பார்த்தது, முடியாமல் விழுந்தது. எஞ்ஜின் மறுபடி அலறியது. நாளை ஓட்டிப் பார்க்க வேண்டுமே என்று பெட்ரோலை அவள்தான் மத்தியானம் டேங்க் வழிய நிரப்பியிருந்தாள். ஷெட்டுக்கு வெளியே யாரோ ஈரத்தில் ஓடிக்கொண்டே, எவன்டா இந்த நேரத்தில் என்று திட்டிவிட்டுப் போனார்கள்.

சொட்டு, சொட்டாக அவள் மணிக்கட்டு நனைந்தது. உள்ளங்கையில் மறுபடியும் இரண்டு தட்டு. அவள் உதட்டை இறுகக் கடித்துக்கொண்டாள்.