அமைதி விரல்

தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் வரவேற்புக் கூடத்தில் செண்பகவடிவு ஒரு மேசையைப் போட்டு, 'இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை' என்று எழுதி ஒட்டிவிட்டு உட்கார்ந்தாள். மதியத்துக்குள் நாற்பது பேர் வந்து பெயரைச் சொல்லி விரலை நீட்டினார்கள். மருத்துவர்கள், தாதியர், மருந்தறைக்காரர். நீங்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கட்டடத்தின் அத்தனை கதவுகளையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

எல்லாக் கதவும் அப்போது நாடிப்பூட்டில்தான் திறந்தது. கடவுச்சொல்லைத் திருடினார்கள், முகத்தைப் படம் காட்டி ஏமாற்றினார்கள். இரண்டு பேருடைய இதயம் ஒரே மாதிரி துடிப்பதில்லை என்பது உறுதியான பிறகு மற்றதையெல்லாம் தூக்கிப் போட்டாயிற்று. பூட்டின் மேல் விரலை வைத்தால் ஆறு துடிப்பில் ஆளைக் கண்டுகொள்ளும்.

செண்பகவடிவுக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருஷமாக அவள் ஊடுருவல் சோதகர். எங்கள் அமைப்பை உடைத்துக் காட்டு என்று நிறுவனங்கள் கடிதம் கொடுக்கும், உடைத்துக் காட்டுவாள். கடிதம் இருந்தால் வெள்ளைத்தொப்பி, அதாவது நல்ல ஹேக்கர் என்று பெயர்; இல்லாவிட்டால் அதே வேலைக்குச் சிறை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கையெழுத்துதான்.

இலவசம் என்று மேசை போட்டது தூண்டில். பூட்டை உடைப்பதைவிட ஆளை ஏமாற்றுவது எப்போதும் சுலபம். பரிசோதனை என்ற பெயரில் பதிவு செய்த நாடியை ஒரு ரப்பர் விரலில் ஏற்றி மருந்தறைப் பூட்டில் வைத்தாள். திறந்தது. அவளுக்கு அதில் சந்தோஷமெல்லாம் இல்லை. இத்தனை வருஷத்தில் திறக்காத கதவு என்று ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. இடுப்புதான் வலித்தது.

பூட்டு நிறுவனத்தின் மேலாளர் ஜெபராஜ் அறிக்கையைப் படித்துவிட்டு அழைத்தார்.

"ஓட்டை எங்க மேடம் இருக்கு?"

"மனுசன் நாடி நேரத்துக்கு நேரம் மாறும்லா. அதுக்காக நீங்க பூட்டுக்கு கொஞ்சம் நெகிழ்வு குடுத்திருக்கீங்க. ஏறக்குறைய ஒத்துப்போனாத் திறந்துருது. அதுவும் போக, வச்சது உயிருள்ள விரலான்னு பாக்கவே மாட்டேங்குது. ரெண்டையும் சரி பண்ணணும்."

"ரெண்டாவதுக்குப் பூட்டையே மாத்தணும். மொதல்ல நெகிழ்வக் கொறைக்கோம். எல்லாப் பூட்டுக்கும் ஒரே ஒட்டா அனுப்பிரலாம்."

ஒட்டு என்றால் ஓட்டையை அடைக்க அனுப்பும் திருத்தம். நெகிழ்வைக் குறைத்தால் பயந்தவன், காய்ச்சல்காரன், அழுதுகொண்டிருப்பவன் எல்லாம் என்ன ஆவான் என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் கடிதத்தில் சோதனையின் எல்லை தெளிவாக இருந்தது: திருடன் உள்ளே வர முடியுமா என்று மட்டும் பார்க்க வேண்டும். வீட்டுக்காரன் உள்ளே போக முடியுமா என்பது எல்லைக்கு வெளியே. அதைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம். எழுதினால் நாலு கூட்டம், எட்டு விளக்கக் கடிதம். அவள் கணினியை மூடிவிட்டாள்.

ஒட்டு போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம், மறுசோதனைக்கு நாள் குறிப்பதற்காக அதே மருத்துவமனைக்குப் போனாள். ரப்பர் விரலும் பழைய பதிவுகளும் கைப்பையில் இருந்தன. புதுக் கடிதம் இன்னும் கையெழுத்தாகவில்லை.

இரண்டாம் மாடி வார்டைக் கடக்கும்போது ஒரு தாதி ஓடி வந்தாள். பியூலா என்று சட்டையில் பெயர் இருந்தது. உள்ளே கல்லூரிப் பெண் ஒருத்திக்கு ஊசி ஒத்துக்கொள்ளாமல் தொண்டை அடைத்து, முகம் வீங்கிக்கொண்டிருந்தது. மாற்று மருந்து சுவர் அலமாரியில் இருக்கிறது. பியூலா விரலை வைத்தாள்.

"நாடி பொருந்தவில்லை. அமைதியாக இருந்து மீண்டும் முயலவும்" என்றது பூட்டு, இனிமையான குரலில்.

மறுபடி வைத்தாள். அதே குரல். மருத்துவர் ஓடி வந்து வைத்தார். அவரும் மாடிப்படி ஏறி ஓடி வந்தவர்தான். பூட்டு அவரையும் அமைதியாக இருக்கச் சொன்னது. பியூலா கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தாள். உள்ளே அந்தப் பெண்ணின் தாய், "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிடுவது கேட்டது. அதைக் கேட்டபடி யாரால் அமைதியாக இருக்க முடியும்?

செண்பகவடிவு கைப்பையைத் திறந்தாள். கடிதம் இல்லாமல் மருந்துப் பூட்டைத் தொட்டால் என்ன பிரிவு, எத்தனை வருஷம் என்று அவளுக்கு மனப்பாடம். ரப்பர் விரலில் பியூலாவின் பெயரைத் தேடி ஏற்றினாள். இரண்டு மாதத்துக்கு முன், சாப்பிட்ட களைப்பில் சிரித்துக்கொண்டே விரல் நீட்டிய பியூலாவின் நாடி. பூட்டின் மேல் வைத்தாள்.

"நல்வரவு, பியூலா" என்று கதவு திறந்தது.

நிஜ பியூலா மருந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். செண்பகவடிவு சுவரில் சாய்ந்து நின்றாள். நெகிழ்வைக் குறைத்ததில் உயிருள்ள ஆள் வெளியே நிற்கிறான். பதிவு செய்த பொய் மட்டும் துல்லியமாகப் பொருந்துகிறது. இதற்கு வழி சொன்னவள் அவள்தான்.

அந்தப் பெண் பிழைத்தாள். செண்பகவடிவு தானாகவே போய் நடந்ததைக் காவல்துறைக்கும் நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுத்தாள், எழுதாமல் விட்ட அந்தப் பத்தியையும் சேர்த்து. உயிர் காத்ததால் சிறை இல்லை. சோதகர் உரிமம் இரண்டு வருஷத்துக்கு நிறுத்தம். சொல்லப்போனால், அந்த உத்தரவைப் படித்தபோது அவளுக்குத் தூக்கம்தான் வந்தது.

நிறுவனம் ஒட்டைத் திரும்பப் பெறவில்லை. அவளுடைய அறிக்கையிலிருந்து ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொண்டது. ஆறு மாதத்தில் 'அமைதி விரல்' கடைக்கு வந்தது. நிதானமாக இருக்கும்போது உங்கள் நாடியைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் அது உங்களுக்காகத் திறக்கும். ஜனங்கள் இடுப்பில், கழுத்தில், பைக்குள் ரப்பர் விரலோடு அலைந்தார்கள். வேலைக்கு வருகிறவர்களுக்காகச் செருப்பு அலமாரியில் ஒன்றை விட்டுப் போனார்கள்.

செண்பகவடிவின் வீட்டுக் கதவும் அவளைச் சேர்க்கவில்லை. விசாரணை ஆரம்பித்த நாளிலிருந்தே அவள் நாடி பழைய நாடி இல்லை. தினமும் பக்கத்து வீட்டில் காத்திருந்து, கணவர் வந்த பிறகு உள்ளே போனாள். கடைசியில் அவளும் கடைக்குப் போனாள்.

பதிவறையில் பெஞ்சு போட்டு ஏழெட்டுப் பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அவளும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாள். மூன்று முறை விரல் வைத்தாள். மூன்று முறையும் சிவப்பு விளக்கு.

கடைக்காரப் பெண் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "யக்கா, இது ஒங்களுக்கு மட்டும் இல்ல. வாரவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு நாடி அடங்க மாட்டேங்குது. வேணும்னா எங்க மாமனார் நாடிய ஏத்தித் தரட்டா? ஒங்க வீட்டுப் பூட்டுலயும் அதையே ஒங்க பேர்ல பதிஞ்சிரலாம். எல்லாரும் அப்படித்தான் வாங்கிட்டுப் போறாங்க."

கடையின் கோடியில் ஒரு மனிதர் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அவருக்குக் காது கேக்காதுக்கா. அதான் இம்புட்டு நிம்மதி."

"எத்தன பேருக்கு ஏத்திக் குடுத்திருக்கீங்க?"

"இந்த டவுன்ல பாதி வீடு அவரு நாடியிலதான் தெறக்குது."

ஒரே மனிதர். ஒரே நாடி. ஊருக்கெல்லாம் ஒரே கடவுச்சொல். நாற்காலியின் கைப்பிடியில் அவர் கை உள்ளங்கை மேலாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு காவலாள்கூட இல்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் ஓர் அறிக்கையின் முதல் வரி அவள் மனதில் தானாக எழுந்தது. யாரிடம் கொடுப்பது? கடிதமும் இல்லை, உரிமமும் இல்லை. கால் வலித்தது. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும்போல் இருந்தது.

"அவரோடதே போட்டுக் குடும்மா" என்றாள்.