பெயர் சொல்லிக் கூப்பிட்டால்

கணீரென்று கத்திக்கொண்டிருந்த உலோகம் தேடும் கருவி, வாஹித் தன் தம்பியின் பெயரைச் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

துருக்கியில், அரப்கிரின் பழைய கல் வீடுகளில் நூறு வருடத்துக்கு முன் இருந்த ஆர்மீனியர்கள் ‘கிளம்பிப் போனார்கள்’ என்று ஊர் நாசூக்காகச் சொல்லும். தங்கத்தை மட்டும் நமக்காகப் புதைத்துவிட்டுப் போனார்களாம். அதை நம்பித்தான் அண்ணனும் தம்பியும் தங்கள் வீட்டு நிலவறையின் மண்தரையைத் தோண்டினார்கள். ஜின்களோடு நேரடித் தொடர்புள்ள முஃபித் ஹோஜா, ஒரு கறுப்புச் சேவலை அறுத்து, ரத்தத்தை மண்ணுக்கும் கறியைத் தம் வீட்டுக்கும் ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு விதி சொன்னார்:

“தேடுறதைப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்கப்பா. கூப்பிட்டா இன்னும் கீழ போயிடும்.”

“அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாக்கூட நான் வாயைத் திறக்க மாட்டேன்” என்று சிரித்தான் தம்பி செய்ஃபி.

மதியம் குழியின் சுவர் சரிந்தது. ஹோஜா முதல் ஆளாக ஓடினார். ஜின் எதுவும் தடுக்கவில்லை. வாஹித் தன் தம்பியின் பெயரைச் சொல்லி அலறினான். கழுத்துவரை மண்ணில் நின்ற செய்ஃபி, வெளியே இருந்த ஒரு கையைத் தூக்கி உதட்டின்மேல் விரலை வைத்தான். இப்பவும் தங்கத்து நினைப்பு, கழுதை! வாஹித் மறுபடி அலறினான். தலையும் மறைந்தது.

முன்பு டிராக்டர் கவிழ்ந்து கால் முறிந்தபோது செய்ஃபியின் தொடையில் வைத்த இரும்புக் கம்பியைத்தான் கருவி இப்போது பிடித்திருந்தது. ஜண்டர்மா போலீஸைக் கூப்பிட்டால், திருட்டுத்தனமாகப் புதையல் தோண்டியதற்குச் சிறை. சிறைக்குப் போகலாம், அவர்கள் வரும்வரை அவனுக்கு மூச்சு இருக்க வேண்டுமே. ஈர மண்ணின் புளித்த வாடையும் சேவல் ரத்தத்தின் வாடையும் தொண்டையை அடைக்க, பல்லிடுக்கில் மண் நறநறக்க, மண்வெட்டியை வீசிவிட்டுக் கையாலேயே பறித்தான். அடியில் யாரோ தட்டினார்கள்.

“செய்ஃபி!”

மண் பெருமூச்சுவிட்டு இறங்கியது. கருவி முனகியது. தட்டல் தூரத்தில்.

“டேய் செய்ஃபி!”

இன்னும் தூரத்தில்.

புரிந்தது. அந்த விரலும் புரிந்தது. வாயை இறுக மூடிக்கொண்டான். பறித்தான். நகம் பிய்ந்தது. தட்டல். கிட்டே. இன்னும் கிட்டே. ஒரு கை அவன் கையைப் பற்றியது. சூடாக இருந்தது.

மேலே கதவு திறந்தது. மனைவி நஸிரே.

“வாஹித்! உன்னை எங்கெல்லாம்யா தேடுறது?”

அவன் முழங்கால்கள் மண்ணுக்குள் போயின.

“டீ ஆறுது, வாஹித்!”

இடுப்பு. மேலே கிடந்த கருவி அவன் பெல்ட் கொக்கியைக் கண்டுபிடித்துக் கத்தியது. பிறகு முனகியது. கூப்பிடாதே என்று சொல்ல வாயைத் திறந்தான். மண் நுழைந்தது.

படியில் அவள் முகம் தெரிந்தது. மிஞ்சியிருந்த ஒரு கையைத் தூக்கி, உதட்டின்மேல் விரலை வைத்தான்.

அவள் அலற வாயைத் திறந்தாள்.