ஆயிலை வடித்த பிறகும்

என்ஜின் ஆயிலை முழுவதுமாக வடித்து எடுத்த பிறகும் அந்தப் பழைய அம்பாசிடரின் அடியில் சொட்டுவது நிற்கவில்லை.

மெக்கானிக் மூக்கையா குனிந்து பார்த்தான். என்ஜினின் முன்பக்கம், டைமிங் செயினை மூடியிருந்த தகட்டின் அடியிலிருந்துதான் சொட்டியது. தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. வண்டியோ பல மாதமாகக் கிளப்பப்படாதது, பேட்டரிகூட இல்லை.

"ஓடோணும்னு இல்லீங்க," என்றிருந்தாள் மருதாள். இறந்துபோன சாயப்பட்டறை முதலாளியின் மனைவி; பெருமாநல்லூர் ஒர்க்ஷாப்புக்கே வந்து அவனைக் கூட்டிவந்தவள். "ஒழுகறது நின்னாப் போதுங்க." பேச்சில் மரியாதை குறையவில்லை. ஆனால் வண்டி நின்ற தகர ஷெட்டுக்குள் ஓர் அடிகூட வைக்கவில்லை. அவன் தண்ணீர் கேட்டபோது சொம்பை வாசலில் வைத்து, காலால் உள்ளே தள்ளினாள்.

வெளியே நல்ல வெயில். மூடிக்கிடந்த சாயப்பட்டறையின் நாற்றம் தகரக் கூரைக்குக் கீழே வந்து தேங்கி, கிரீஸ் வாடையோடும் சீட்டுக்குள் மக்கிய தேங்காய் நாரின் வாடையோடும் கலந்து, தொண்டைக்குள் துணியைத் திணித்ததுபோல் அடைத்தது. எங்கோ ஓடிய நிட்டிங் மெஷின்களின் இரைச்சல்கூடச் சுவர் வரை வந்து நின்றுவிட்டது. ரேடியேட்டரை இறக்கி, புல்லியை இழுத்தெடுத்து, மூடியைக் கழற்றினான். சீல் புதுசு. பேக்கிங் புதுசு. ஒழுகக் காரணமே இல்லை.

செயின் மட்டும் தளர்ந்து தொங்கியது. இரண்டு பல்சக்கரங்களின் அடையாளப் புள்ளிகளையும் நேருக்கு நேர் கொண்டுவர ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினான். பாதிச் சுற்றில் நின்றது. பிறகு மெதுவாக அவன் கையைத் திருப்பித் தள்ளியது. வால்வு ஸ்பிரிங்காக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் ஸ்பிரிங் இப்படி விட்டுவிட்டுத் தள்ளாது. மூச்சு வாங்குவதுபோல்.

இணைப்புக் கண்ணியைப் பிரித்துச் செயினை உருவிப் போட்டான்.

மேல் சக்கரம் தானாகத் திரும்பியது. ஒரு பல். இன்னொரு பல்.

"யக்கா! செத்த இங்கன வாங்க!"

கதவு இழுபட்டது. வெளிச்சம் கோடாகி, மறைந்தது. தாழ்ப்பாள் விழுந்தது.

"கதவத் தொறங்க, யக்கா! உள்ள என்னமோ இருக்கு!"

"இருக்குதுங்க," என்றாள் மருதாள், தகரத்துக்கு அப்பால், அதே மரியாதையோடு. "ஒரு ஆளு உள்ள போனா, கொஞ்ச நாளைக்கு ஒழுகாதுங்க."

அவள் கால்கள் சரளையில் நடந்து விலகின.

உதைத்தான். தோளால் இடித்தான். தகரம் அதிர்ந்தது, நெகிழவில்லை. முதுகுக்குப் பின்னால் சொட்டுச் சத்தம் நின்றது. சக்கரமும் நின்றது.

திரும்பினான்.

கூரை ஓட்டையிலிருந்து ஒரே ஒரு வெயில் கீற்று என்ஜின் மேல் விழுந்திருந்தது. சக்கரத்துக்குப் பின்னே, தீப்பெட்டிகூட நுழையாத இடைவெளியிலிருந்து, நான்கு விரல்கள் வந்து பல்லைப் பற்றியிருந்தன. எண்ணெயில் ஊறியவை. நகமில்லை. பக்கத்தில் இன்னும் நான்கு. கீழே, இன்னும். நெருக்கியடித்து, இடம் தேடி, விளிம்பு முழுக்க.

பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் பிடியை விட்டு, அவன் பக்கமாக விரிந்தன.